திருகோணமலை வளாகத்தில் பொதுச் சுகாதாரப் பட்டப்படிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்தரப் பெறுபேறுகள் வெளியான கையோடு, மாவட்ட மட்டத்தில் முன்னுக்கு வந்த பிள்ளைகளின் படங்களை உங்கள் பத்திரிகை பெரிதாகப் போட்டிருந்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. உயிரியல் பிரிவுப் பிள்ளைகளிடம் எதிர்கால விருப்பம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாருமே வைத்தியராக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் நல்ல வைத்தியர்களாக வரட்டும், இந்த மாவட்டத்துக்கு அவர்கள் தேவை. நான் எழுதுவது, அதே பரீட்சையில் மூன்று பாடமும் சித்தியடைந்தும் மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணாமல், இப்போது வீட்டில் யாருக்கும் முகம் கொடுக்க முடியாமல் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திடம் கேட்க ஒரு கோரிக்கையும் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், இடம் தந்து உதவுங்கள்.

நான் ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊர்ப் பேச்சில் பி.எச்.ஐ. களுத்துறையில் பயிற்சி முடித்து மூதூர், ஈச்சிலம்பற்று, கிண்ணியா, உப்புவெளி என்று இந்த மாவட்டத்துக்குள்ளேயே வேலை செய்தவன். கொஞ்சக் காலம் துறைமுகத்திலும் இருந்தேன். பி.எச்.ஐ. என்றால் சாப்பாட்டுக் கடைக்கு வழக்குப் போடுகிறவர் என்றுதான் பலருக்குத் தெரியும். நான் ஒருவருக்கும் மருந்து எழுதிக் கொடுத்ததில்லை. ஆனாலும் என் வேலைக்காலம் முழுவதும் நோயோடுதான் போனது.

நம் ஊரில் உயிரியல் பிரிவுக்குள் ஒரு பிள்ளை கால் வைத்தால் அன்றைக்கே வீட்டில் அந்தப் பிள்ளை டொக்டர். முதல் ஷை, அதாவது முதல் தடவைப் பரீட்சை, தவறினால் ரெண்டாம் ஷை, அதுவும் தவறினால் மூன்றாம் ஷை. காலையில் ஒரு ரியூசன், பின்னேரம் இன்னொரு ரியூசன், சனி ஞாயிறில் மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் ஆசிரியரிடம் விசேட வகுப்பு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையில் போகிறது, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்த 16 பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. இவ்வளவு இருந்தும் மருத்துவத்துக்குப் போகும் பிள்ளைகள் சிறு தொகைதான். அது பிள்ளைகளின் குற்றமில்லை, இடமே அவ்வளவுதான். மீதிப் பிள்ளைகளும் இரண்டு மூன்று வருஷம் உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் இரவிரவாகப் படித்தவர்கள். அந்தப் படிப்பெல்லாம் வீண் என்று அவர்களை நினைக்க வைத்துவிட்டோம். அது எனக்குப் பெரிய வேதனை.

இன்னொரு பக்கம், பெறுபேறு வந்த கிழமையே வெளிநாட்டு மருத்துவப் படிப்பு முகவர்கள் ஹோட்டல் மண்டபம் எடுத்துக் கருத்தரங்கு வைக்கிறார்கள். வளவை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு. சில பிள்ளைகள் படித்து வந்து இங்கே பதிவுக்கான பரீட்சையும் சித்தியடைந்து நன்றாக வேலை செய்கிறார்கள். சிலர் அந்தப் பரீட்சையோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவப் பேரவை ஏற்றுக்கொள்ளுமா, உங்கள் பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு அதற்குப் போதுமா என்று பேரவையிடமே எழுத்தில் கேட்டுப் பதில் எடுங்கள். முகவரின் வாய்ச்சொல்லை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

2017 மார்ச் மாதம் கிண்ணியாவில் நடந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை, பாடசாலைகளைப் பூட்டினார்கள். அந்த வருஷம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். வைத்தியர்களும் தாதியரும் இரவு பகலாக நின்று எத்தனையோ உயிரை மீட்டார்கள். நாங்கள் வெளியே, தெருவில் நின்றோம். தொண்டர்களாக வந்த மாணவர்கள் சிலரும் எங்களோடு நடந்தார்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டவாகச் சொல்கிறேன். கையில் ஒரு டோர்ச், ஒரு வெள்ளைக் கரண்டி, ஒரு படிவம். வீட்டுக்காரரிடம் கேட்டு வளவுக்குள் போய், தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் பார்க்க வேண்டும். சீமெந்துத் தொட்டி, பீலி, தகரப் பேணி, சிரட்டை, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, பாவிக்காத கிணறு. டோர்ச் வெளிச்சம் பட்டதும் குடம்பிகள், அதாவது நுளம்பின் புழுக்கள், நெளிந்து கீழே ஓடும். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் மூச்செடுக்க மேலே வரும். வந்து தலைகீழாகச் சரிந்து தொங்கினால் டெங்கு நுளம்பின் குடம்பியாக இருக்கலாம், தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் மலேரியா நுளம்பின் இனம். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவிடும். தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினாலும் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறினதும் பொரிக்கும். அதனால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறோம். ஊற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிற வீடுகள் இன்னும் நிறைய.

நூறு வீடு பார்த்தால் எத்தனை வீட்டில் குடம்பி, அந்த நூறு வீட்டிலும் சேர்த்து எத்தனை பாத்திரத்தில் குடம்பி என்று இரண்டு கணக்கு எடுப்போம். எந்தத் தெருவுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்பதை அந்தக் கணக்கு சொல்லும். எங்களோடு வந்த மாணவி ஒருத்தி படிவங்களை எல்லாம் இரவில் இருந்து பிரித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் என்னிடம் ஒன்று கேட்டாள். "ஐயா, பேணியையும் சிரட்டையையும்தான் எல்லாரும் தூக்கி எறிகிறோம். குடம்பி கூட இருக்கிறது தொட்டியிலும் கிணற்றிலும்தானே? குழாய்த் தண்ணி ஒழுங்காக வராத தெருவிலதானே தொட்டி கூட?" நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஹவுள் தொட்டியில் மீன் விட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய தொட்டியில் ஒரு குடம்பி இல்லை. அப்புறம் அந்தத் தெருக்களில் கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் மீன்குஞ்சு விடும் வேலையை அவளே முன்னுக்கு நின்று செய்தாள்.

அந்தப் பிள்ளை மருத்துவ மாணவி இல்லை. வேறேதோ பட்டப்படிப்பு. ஆனால் எண்ணைப் பார்த்துத் தெருவைக் காணும் புத்தி அவளுக்கு இருந்தது. வந்த நோயாளியைக் காப்பாற்றுவது ஒரு படிப்பு, அடுத்த நோயாளி வராமல் பார்ப்பது இன்னொரு படிப்பு. இந்த இரண்டாவது படிப்பைத்தான் பொதுச் சுகாதாரம் என்கிறோம். நாடு தாண்டிப் பார்த்தால் உலக சுகாதாரம் என்று அதற்குப் பெயர். வெளிநாடுகளில் பிள்ளைகள் இதையே பட்டமாகப் படிக்கிறார்கள்.

இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் மலேரியாவின் கதையைக் கேட்க வேண்டும். 1934, 35 இல் வந்த மலேரியாவில் இந்த நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பிறகு டி.டி.ரி. பூச்சிமருந்து தெளித்து, இரத்தம் சோதித்து, 1963 இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தோம். வென்றாயிற்று என்று தெளிப்பதையும் தேடுவதையும் தளர்த்தினார்கள். 1969 இல் நோயாளிகள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். அதைத் திரும்பக் கீழே கொண்டுவர இன்னும் நாற்பது வருஷம் எடுத்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது.

யுத்த காலத்தில் மூதூர்ப் பக்கம் மலேரியா சாதாரணக் காய்ச்சல் மாதிரி இருந்தது. என்னோடு வேலை செய்த நுணுக்குக்காட்டி உத்தியோகத்தர் ஒருவர், ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே, வெளிச்சத்துக்காக மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்லைட் பார்ப்பார். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தம், ஒரே கண்ணாடியில் ஒரு தடித்த பூச்சு, ஒரு மெல்லிய பூச்சு. ஜிம்சா சாயம் ஊற்றிக் கழுவிக் காயவைத்து, எண்ணெய்த் துளி விட்டு, நூறு இடம் நகர்த்திப் பார்த்த பிறகுதான் கிருமி இல்லை என்று எழுதுவார். தொண்ணூறாவது இடத்தில் ஒரு சின்ன மோதிர வடிவம் தெரிந்து, "பார்த்தீங்களா, விட்டிருந்தால் இந்த ஆள் ஒரு ஊருக்கே கொடுத்திருப்பான்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிய நாள் உண்டு. 2016 சான்றிதழில் அவர் பேர் இருக்காது. அவரைப் போன்றவர்களின் கண்தான் அந்தச் சான்றிதழ்.

அவர்களும் ஓய்வுபெற்றுவிட்டார்கள் அல்லது ஓய்வுபெறப் போகிறார்கள். நோய் ஓய்வுபெறவில்லை. ஆபிரிக்க நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் போய்வருகிறவர்கள் ஊடாக மலேரியா வருஷா வருஷம் நாட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. நகரங்களில் கிணற்றுத் தண்ணீரிலும் வளரக்கூடிய ஸ்டெபென்சி என்ற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள எங்கள் ஊருக்கு அது என்ன அர்த்தம் என்று விளங்கிக்கொள்ளும் இளம் ஆட்கள் எங்கே இருந்து வரப்போகிறார்கள்?

சுனாமியையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இந்தக் கரைக்கு வராத நாடில்லை. வந்தவர்களில் பலர் வைத்தியர்கள் இல்லை என்பது எனக்கு அப்போது புதினமாக இருந்தது. தண்ணீர், மலசலகூடம், முகாம்களில் வயிற்றோட்டம் பரவாமல் தடுப்பது, குழந்தைகளின் நிறை, இதெல்லாம் படித்துப் பட்டம் எடுத்தவர்கள். முகாமில் ஒரு நாள், வெளிநாட்டு இளம்பெண் ஒருத்தி எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவான மிட்வைஃப் அம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவரின் கிளினிக் சென்டர் கட்டடம் போய்விட்டது, ஆனால் அவரின் பைக்குள் குடும்பப் பதிவேடு தப்பியிருந்தது. எந்த வீட்டில் கர்ப்பிணி, யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி, யார் வீட்டில் சலரோகக்காரர் என்று அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சொல்ல, அந்தப் பெண் அட்டவணையாக்கினாள். இரண்டு மூன்று நாளில் அது ஒரு அறிக்கையாகி, அதைக் காட்டித்தான் கர்ப்பிணிகளுக்கான சத்துணவும் பிரசவப் பொதிகளும் அந்த முகாமுக்கு வந்தன.

நான் நெடுநாள் யோசித்தேன். அறிவு முழுவதும் எங்கள் மிட்வைஃப் அம்மாவிடம் இருந்தது. அதை எண்ணாக்கி, வாதமாக்கி, உலகத்திடம் கேட்கும் விதம் மற்றவளிடம் இருந்தது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம், எங்கள் பிள்ளை ஒருவரிடம் இருந்திருந்தால்? மேலே போன அறிக்கைக்குக் காத்திருக்காமல் முதல் நாளே வேலை நடந்திருக்கும். கிணற்று விஷயத்திலும் அப்படித்தான். கடல்நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று சில குழுக்கள் பம்பு வைத்து நாள் முழுக்க இறைத்தன. கரையோர மணலில் நன்னீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறும். இதைச் சொல்லி நிறுத்த, ஆங்கிலத்தில் காரணத்தோடு எழுதிக் கொடுக்கக்கூடிய ஆள் எங்களிடம் போதவில்லை. சில கிணறுகள் இனிக்கப் பல மழைக்காலம் எடுத்தது.

இந்த நாட்டுக்கு இந்த வேலை புதிதில்லை. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு எல்லைக்குள் இருக்கும் சனத்துக்கு ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், மருத்துவிச்சிகள் என்ற அந்த ஏற்பாடுதான் இன்றைய எம்.ஓ.எச்., அதாவது சுகாதார வைத்திய அதிகாரி, அலுவலகம். 1930களில் இங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அது முப்பதை ஒட்டிய எண். பெரிய பணக்கார நாடு இல்லாமலே இதைச் சாதித்தது எப்படி என்று உலகம் வந்து படித்துப் போகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை.

துறைமுகத்தில் இருந்த காலத்தில் எனக்கு இது இன்னும் தெளிவானது. கோதுமை கொண்டுவரும் கப்பல் நங்கூரமிட்டால் நாங்கள் ஏறிப் பார்க்க வேண்டும். சமையலறை, குடிநீர்த் தாங்கி, எலி எச்சம், பயணத்தில் காய்ச்சல் வந்த மாலுமி உண்டா என்ற குறிப்பு. முன்பு எலி ஒழிப்புச் சான்றிதழ் என்று ஒன்று இருந்தது. 2005 ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் வந்த பிறகு கப்பல் முழுவதற்குமான சுகாதாரச் சான்றிதழாக அது மாறியது. ஜெனீவாவில் எழுதிய விதி, சீனக்குடாவில் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கும். உலக சுகாதாரம் படிக்க விரும்பும் பிள்ளைக்குத் திருகோணமலையை விட நல்ல இடம் இந்தத் தீவில் எது? துறைமுகம் இருக்கிறது. மீன்பிடிக் கிராமம் இருக்கிறது. கந்தளாய், தம்பலகாமம் வயல்களில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. பதவிசிறிபுரவில், காரணம் இன்னும் முடிவாகத் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. மகாவலி பெருகினால் வெள்ளம். தமிழும் சிங்களமும் பேசும் மூன்று சமூகம், எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள்.

இப்போதைக்கு இருக்கும் படிப்புகளையாவது பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை மருத்துவம், பல் மருத்துவம் என்ற பக்கங்களோடு மூடிவைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் தாதியம், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் உண்டு. மட்டக்களப்பில் மருத்துவத்தோடு தாதியமும் பட்டப்படிப்பாக இருக்கிறது. பேராதனையில் பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவம், கதிர்ப்படவியல். களனியின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் சம்பந்தமான படிப்பு. அது படித்த தமிழ் பேசும் ஆள் எங்கள் மாகாணத்தில் கிடைப்பது குதிரைக்கொம்பு, பேச்சு வராத பிள்ளையோடு தாய்மார் கொழும்புக்கு அலைகிறார்கள். நிலாவெளியில் இருக்கும் எங்கள் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் இருக்கிறது. மிகிந்தலையில் ரஜரட்டப் பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாடு என்று ஒரு பட்டம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி அதற்குத்தான் போனாள். மூன்றாம் ஷைக்குப் பிறகு கிடைத்த இடம். தாய் வெளியே சொல்லவே வெட்கப்பட்டார், "ஏதோ ஹெல்த் படிக்கிறாளாம்" என்று முடித்துவிடுவார். நாலு வருஷத்தில் அந்தப் பிள்ளை சரளமாகச் சிங்களம் பேசப் பழகிவிட்டாள். இன்றைக்கு ஒரு தொண்டு நிறுவனத்தோடு பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோயாளிகளின் குடும்பங்களைப் பார்க்கிறாள். போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னாள்: சுத்திகரித்த தண்ணீரை வீட்டுக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் வயலுக்குப் போகும்போது கொண்டுபோவதில்லை, அங்கே வயல்கிணற்றில்தான் அள்ளிக் குடிக்கிறார்கள், வீட்டுத் தண்ணீரை மட்டும் கேட்டு எழுதினால் இது படிவத்தில் வராது. இத்தனை வருஷம் படிவம் நிரப்பியவன் நான். அந்தப் பிள்ளையின் கேள்வியைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆகவே என் கோரிக்கை இது. திருகோணமலை வளாகம் நான்கு வருடப் பொதுச் சுகாதார விஞ்ஞானமாணிப் பட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டும். வளாகத்தில் சித்த மருத்துவமும் இருக்கிறது, பிரயோக விஞ்ஞானமும் இருக்கிறது. மருத்துவ பீடம் மட்டக்களப்பில், அதே பல்கலைக்கழகத்தின் கீழ். புதிதாகக் கோபுரம் கட்டத் தேவையில்லை. வேண்டியது ஆட்களும், இந்த மாவட்டத்தின் ஒரு எம்.ஓ.எச். பிரிவைக் களப் பயிற்சிப் பகுதியாக எடுத்துக்கொள்ளும் உடன்படிக்கையும்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதலாண்டிலேயே மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து வீடு வீடாகக் கணக்கெடுக்க வைக்கிறார்கள். பஸ்ஸில் போய் ஒரு பின்னேரத்தில் படம் பிடித்துத் திரும்பும் களப்பயணத்தில் ஒன்றும் விளங்காது. ஒரு பிள்ளைக்கு இருபது குடும்பம் கொடுங்கள். நாலு வருஷமும் அதே இருபது குடும்பம். அதில் ஒரு பிரசவமும் ஒரு சலரோகமும் ஒரு வயிற்றோட்டமும் ஒரு மரணமும் கட்டாயம் வரும். அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிடையாது.

பாடத்திட்டத்தில், நோய் யாருக்கு, எங்கே, ஏன் பரவுகிறது என்று பார்க்கும் நோய்ப்பரம்பலியலும் புள்ளிவிபரமும் முதலில் வர வேண்டும். கணக்கென்றால் பயந்து உயிரியலுக்கு வந்த பிள்ளைகளுக்கு இதைத் தமிழிலும் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். தமிழில் முடியாது என்கிறவர்களுக்கு, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் அந்தக் காலத்திலேயே தமிழில் மேலை மருத்துவம் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கினார் என்பதை நினைவுபடுத்துகிறேன். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது கட்டாயம், சிங்களம் பேசுவதும் கட்டாயம். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும், 1897 இல் எழுதி இன்னும் பாவனையில் இருக்கும் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஒரு கொத்து ரொட்டிக் கடைக்குள் எப்படிச் சண்டை வராமல் நுழைவது என்பதையும் யாராவது அனுபவப்பட்டவர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பட்டத்தை மட்டும் தொடங்கிவிட்டு, அந்தப் பட்டத்துக்குச் சுகாதார அமைச்சின் ஆட்சேர்ப்புத் திட்டத்தில் இடம் எடுக்காமல் விட்டால், இன்னும் ஒரு தொகைப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் இருப்பார்கள். அந்தக் கண்ணீரை நாங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டோம். முதல் தொகுதி மாணவர்களை எடுப்பதற்கு முன்பே அமைச்சோடும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தோடும் பேசி, என்ன பதவி, என்ன சம்பளத் தரம் என்பதை எழுத்தில் எடுக்க வேண்டும். பட்டதாரிகள் வந்தால் டிப்ளோமாவோடு இருக்கிற தங்களின் பதவி உயர்வு போய்விடும் என்று பரிசோதகர்களும் மருத்துவிச்சிகளும் பயப்படுவார்கள். நியாயமான பயம். ஆகவே சேவையில் இருப்பவர்களுக்குப் படிப்பு விடுமுறையோடு குறிப்பிட்ட இடங்களை அதே பட்டத்தில் ஒதுக்குங்கள். பத்து வருஷம் வீட்டுப்படி ஏறிய மிட்வைஃபும் இருபது வயதுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தால் இருவரும் படிப்பார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. டொக்டர் ஆகாத பிள்ளையை நாலு பேருக்கு முன்னால் குறைவாகப் பேசாதீர்கள். இந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு இந்த நாட்டில் கதவு மெதுவாகத்தான் திறக்கும், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அகதி முகாம்களிலும் தடுப்பூசித் திட்டங்களிலும் தண்ணீர்த் திட்டங்களிலும் உலகம் முழுக்க இந்த ஆட்களைத் தேடுகிறார்கள். யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட ஊரின் பிள்ளைக்கு முகாம் என்றால் என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக உங்களிடம், ஆசிரியர் அவர்களே. பல்கலைக்கழக விண்ணப்பம் முடியும் திகதிக்கு முன்பு ஒரு முழுப் பக்கத்தை இந்தப் படிப்புகளுக்கு ஒதுக்குங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை வருஷம், போன வருட வெட்டுப்புள்ளி என்ன, முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் ஒரு மருந்தாளரிடம், ஒரு ஆய்வுகூடக்காரரிடம், ஒரு இயன்மருத்துவரிடம் கேட்டுப் படத்தோடு போடுங்கள். வளாக முதல்வரிடமும் என் கோரிக்கைக்கு ஒரு பதில் கேட்டு வாங்கிப் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். களவேலை எப்படி என்று பார்க்க விரும்பும் பிள்ளைகள் தங்கள் பகுதி எம்.ஓ.எச். அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். காலை எட்டு மணிக்குப் போனால் பரிசோதகர்கள் வெளியே கிளம்புமுன் பிடிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
மட்டிக்களி, திருகோணமலை.